மருமகன் அறுத்த தங்கூசி

புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், பியோர்ண்டால் பகுதியில் என்னோடும் மகளோடும் ஒரே வீட்டில் இருக்கும் மருமகனுக்கு ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன் ஒன்றாவது பிடித்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு கோடையில் இருவரும் வடக்கே போய் வாடகைப் படகில் ஏறினோம். உயிர்காப்பு அங்கிகளை நான் இரண்டு தடவை எண்ணினேன்.

மதியம் அவருடைய தூண்டிலில் பெரிய ஹாலிபட் ஒன்று மாட்டியது. உதவுவதாக நினைத்து, ஊர்ப்பழக்கத்தில் தங்கூசி நூலைக் கையில் சுற்றிப் பிடித்தேன். மீன் ஆழத்துக்குப் பாய்ந்தது. நூல் மணிக்கட்டை இறுக்கி, என்னைப் படகின் விளிம்புக்கு இழுத்தது.

“விடுங்கோ மாமா!”

விட முடியவில்லை. மருமகன் கத்தியை எடுத்து நூலை அறுத்தார்.

“ஐயோ, மீன் போயிட்டுதே தம்பி!”

“மீன் கடையிலையும் கிடக்கு. மாமாவுக்கு எங்கை போறது?”

வீட்டில் மகள் மீன் எங்கே என்று கேட்டபோது, “நூல் தானாய் அறுந்துபோச்சு,” என்றார் மருமகன்.

இவர் மகளுக்குப் பொருத்தமானவர்தானா என்று எனக்குள் இருந்த சந்தேகம் அப்போதுதான் தீர்ந்தது. உண்மையை மகளிடம் நானே சொன்னேன்.