விளிம்பில் விட்ட கரி

ஏலத்தோட்டத்து முதலாளியின் பழைய காரை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் டிரைவர் அண்ணன்தான். காதிடுக்கில் எப்போதும் ஒரு மூங்கில் சிராய் இருக்கும். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல் விழும் என்று, அதன் தலையில் படிந்த கரியை அந்தச் சிராயால்தான் சுரண்டுவார்.

அன்று எனக்குப் போடியில் வாத்தியார் வேலைக்கு நேர்முகம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மழையில் பஸ் வரவில்லை. போடியில் முதலாளி வீட்டுக்குப் போகவேண்டிய காரில் தொற்றிக்கொள்ளலாம் என்றால், அதுவோ எஞ்சின் மூடி கழன்று கிடந்தது. மூடுபனிக்குள் அடைபட்டவன், வேலை வெரசாக முடியட்டும் என்று நானும் ஒரு பிஸ்டனைச் சுரண்டிப் பளபளப்பாக்கினேன்.

"விளிம்பையுமா சுரண்டிட்ட மாப்ளே? தேஞ்ச எஞ்சினு. ஓரத்துக் கரி இருந்தாத்தேன் எண்ணெய் மேல ஏறாது."

"தெரியாமப் போச்சுண்ணே."

"படிச்ச புள்ளைல்ல, சுத்தமாச் செஞ்சிருக்க."

போடிவரை கார் எண்ணெய் எரிந்து நீலப்புகை கக்கியது. வீட்டு வாசலில் நின்ற முதலாளி, "யாரு பாத்த சோலிய்யா இது?" என்றார்.

"நாந்தேன் முதலாளி. கை தவறிருச்சு" என்றார் அண்ணன்.

"சாவியக் கொடுத்துட்டுப் போ. இனி வண்டியத் தொடாத."

நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நேரமாச்சு, போங்க சார்."

அதுவரை யாரும் என்னைச் சார் என்றதில்லை. நான் போனேன். வேலையும் கிடைத்தது. கரும்பலகையை அழிக்கும்போது மட்டும் என் கை ஓரம்வரை போவதில்லை.