கரம்பை போட்ட குழி

மாவு மில்லின் முதல் படியில் தண்ணீர் ஏறிவிட்டது என்று தெருவில் யாரோ கத்தியதும், குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு மழையில் ஓடினேன். தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருந்தது. முறுக்குக்கு அரைக்கச் சொல்லி ஊரார் கொடுத்துவிட்டுப் போன அரிசியும் உளுந்தும் மில்லின் தரையில் பை பையாகக் கிடந்தன. மோட்டாரும் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டிருந்தது. அது நனைந்தால் பண்டிகைக்கு மில் ஓடாது. புருஷன் போன பிறகு மில்காரம்மாவுக்கும் அவருடைய இரண்டு பெண்களுக்கும் அந்த மில்லை விட்டால் வேறு கதி இல்லை.

நான் ஓடியதற்குக் காரணம் இருந்தது. மில் வாசலில் இருந்த மழைக்குழி நான் போட்டது. திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்துகிறவன் நான். ஒன்பது வருடங்களுக்கு முன்னால், எங்கள் தெருவின் தாழ்ந்த முனையில், மாநகராட்சி அனுமதியோடு அதைத் தோண்டினோம். அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், மணலில் கொஞ்சம் மக்கிய உரம், மேலே செடிகள். தெருவில் ஓடிவரும் மழைநீரின் எண்ணெயும் அழுக்கும் மணலில் தங்கிவிடும். தெளிந்த நீர் நிலத்துக்குள் இறங்கிவிடும்.

"என் வாசல்ல குளம் வெட்டுறீகளா சார்?" என்று மில்காரம்மா அன்றைக்கே பயந்தார்.

"ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும்மா. நான் பொறுப்பு" என்றேன்.

முதல் மூன்று வருடம் மழைக்காலத்துக்கு முன்பு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பேன். பிறகு விட்டுவிட்டேன். செடிகள்தான் தளதளவென்று இருந்தனவே!

இப்போது அந்தச் செடிகள் முங்கிக் கிடந்தன. குழி நிரம்பினால் வழிவதற்குக் குழாய் வைத்திருந்தேன். அது போய்ச் சேரும் சாக்கடையே நிரம்பி நின்றது. மில்காரம்மா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெண்களோடு பைகளைத் தூக்கிப் பெஞ்சில் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது படியும் மறைந்தது. இனி வாசற்படி மட்டும்தான்.

கடப்பாரையை வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குழிக்குள் இறங்கினேன். குத்தினால் மணல் நெறநெறக்க வேண்டும். கடப்பாரை சொத்தென்று மாட்டிக்கொண்டது. கையை விட்டுத் துழாவி ஒரு பிடி எடுத்தேன். கறுப்பு மண், பிசின்போல் ஒட்டியது.

"யார் இதக் கொண்டாந்து கொட்டுனது?" என்று கத்தினேன்.

"நான்தேன் சார்" என்றார் மில்காரம்மா. "வெறும் மணல்ல செடி எப்படி நிக்கும்? எங்க வடமதுரப் பக்கம் குளத்துல வெட்டுற கரம்பை மண்ணு அடிக்காம வெள்ளாமையே வைக்க மாட்டோம். வருசா வருசம் அண்ணன் வண்டியில குளத்துக் கரம்பை நாலு மூட்ட வரும். தையில போட்டுவிடுவேன்."

"அறிவிருக்காம்மா உனக்கு? தண்ணி எறங்குற வழிய நீயே அடைச்சு வச்சிருக்கியே!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மில்காரம்மா சேலையைச் செருகிக்கொண்டு, இரும்புச் சட்டியோடு குழிக்குள் இறங்கி, நான் குத்திக் கிளறிய சேற்றை அள்ளி அள்ளி வெளியே எறிந்தார். ஒரு சாண் கனத்துக்கு வந்துகொண்டே இருந்தது. வாசற்படிக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரல் இடைவெளி.

பிறகு கடப்பாரை சட்டென்று உள்ளே போனது. குபுகுபுவென்று குமிழி வந்தது. நாலைந்து இடத்தில் அப்படிக் குத்தினேன். வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. "ரெண்டாம் படி தெரியுதும்மா!" என்று சின்னப் பெண் கத்திய பிறகுதான் மூச்சு வந்தது. அடியிலிருந்து எடுத்த மணல், போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

மில்காரம்மா சட்டியைக் கீழே வைத்தார். "தெனமும் இந்தப் பக்கமாத்தான போறீக. செடி நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டுப் போவீக. அந்த மணலு எதுக்குன்னு ஒருநாளு சொல்லியிருக்கீகளா சார்?"

சொன்னதில்லை. காந்திகிராமப் பல்கலைக்கழகம் வரைக்கும் போய் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். வாசலில் குழியை வைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் மாநகராட்சி மேற்பார்வையாளர் வந்தார். குழியை மூடிக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டிருந்தார். "குழி சரியில்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, இன்னைக்கே மூடிருவோம்" என்றார்.

"குழி நல்லாத்தேன் இருக்கு. சார் மேல தப்பில்ல" என்றார் மில்காரம்மா. "நாந்தேன் தெரியாம மண்ணப் போட்டு அடைச்சுப்புட்டேன்."

மேற்பார்வையாளர் ஏதோ எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.