முன்பின் தெரியாத மூன்று பேர்

லெஸ்கொவட்ஸ் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் நிருபர் வேலை ஒன்று காலியாயிற்று. ஒன்றே ஒன்று. அதற்கு நூற்று முப்பது பேர் மனுப் போட்டார்கள். ஏதோ அரண்மனையில் ராஜாவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்கப்போகிறது என்ற நினைப்பு. கிடைக்கப்போவதோ, மேயர் திறந்துவைக்கும் புதுச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாக்கியம். அதிலும் முதல் ஆறு மாதம் பழகுகிற காலமாம். அதற்குக் கொடுக்கிற சம்பளம் வழிச்செலவுக்கே போதாது.

அந்த நூற்று முப்பது பேரில் ரொசாந்தாவும் ஒருத்தி. வயது இருபத்து நான்கு. பக்கத்து நீஷ் பட்டணத்தில் பத்திரிகைப் படிப்புப் படித்துவிட்டு, இரண்டு வருஷமாகச் செருப்புக் கடையில் ஊரார் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் நவம்பரில் ஆஸ்திரியாவுக்குப் போய், அவள் மாமா வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆகையால் அவள் யுத்தத்துக்குப் போகிறவள் மாதிரித் தயாரானாள்.

தயாரான லட்சணத்தைக் கேளுங்கள். இன்டர்நெட்டில் பளபளவென்று பல் தெரிகிற ஒருவன், நேர்முகத் தேர்வில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வகுப்பு நடத்துகிறான். 'உன்னிடம் உள்ள குறை என்ன' என்று கேட்டால், 'அளவுக்கு மீறி உழைப்பதுதான்' என்று சொல்ல வேண்டுமாம். பாவ அறிக்கையில் போய் நின்று இப்படி ஒரு பாவத்தைச் சொன்னால், பாதிரியார் தாடிக்குள்ளே சிரிப்பை மறைக்கப் பெரும்பாடு படுவார். ரொசாந்தா அதை நோட்டில் எழுதி, அடியில் சிவப்புக் கோடும் போட்டு வைத்திருந்தாள்.

அது மிளகாய்க் காலம். கொல்லையில் விறகடுப்பு வைத்து அவள் தாய் ஸ்தானா மூன்று மூட்டை சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தாள். குளிர்கால ஊறுகாய்க்காகக் கழுவிக் கவிழ்த்த பாட்டில்களுக்கு முன்னே மகள் நிமிர்ந்து நின்று பேசினாள்.

"அம்மா, இதைக் கேளு. 'சின்ன வயசிலேர்ந்தே உண்மையைத் தேடறதுதான் என் மூச்சு.' எப்படி இருக்கு?"

"சின்ன வயசில நீ தேடினது அலமாரியில நான் ஒளிச்சு வச்ச சாக்லேட்டைத்தான்டி. மிளகாயைத் திருப்பு, கருகுது."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"புரியுது, புரியுது. நீ பேசறதை அந்தப் பாட்டிலுங்க மட்டும் மறுத்துப் பேசாம கேக்குது. அதுகளே உனக்கு வேலை குடுத்துடும்."

எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடந்தன. மூச்சு, உண்மை, அளவு மீறிய உழைப்பு எல்லாவற்றையும் ரொசாந்தா ஒப்பித்தாள். எல்லாரும் அதே பல்லுக்காரனிடம் படித்தவர்கள்தான். எல்லாரும் அதையேதான் ஒப்பித்தார்கள். எந்தக் கணக்கிலோ ஐந்து பேரைப் பொறுக்கினார்கள். அதில் ரொசாந்தாவும் இருந்தாள். ஸ்தானா புனிதர் படத்துக்கு முன் விளக்கேற்றினாள்.

கடைசித் தேர்வை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியின் செய்தி ஆசிரியர் சகோர்கா அறிவித்தாள். சிகரெட் புகைக்குப் பின்னாலிருந்து பேசுகிற அம்மாள்.

"சந்தையை ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்தலாமான்னு ஊரே அடிச்சுக்குது. நாளைக்குக் காலையில சந்தைக்குப் போய்க் கேளுங்க. முன்பின் தெரியாத மூணு பேர். போன்ல படம் பிடிச்சுப் பன்னிரண்டு மணிக்குள்ள கொண்டாங்க. சொந்தக்காரங்க கூடாது, சிநேகிதங்க கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் ரொசாந்தாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பாட்டில்களோடு பேசிப் பழகியவளுக்கு, முகம் தெரியாத மனுஷனை வழிமறித்து ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழாது. நிருபர் வேலைக்கு உயிரை விடுகிறவளின் அழகு இது.

"இதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? நம்ம கூம் இருக்காரே!" என்றாள் ஸ்தானா.

கூம் என்பது ஞானத்தகப்பன். ரொசாந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவர் புதிமிர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தொப்பையும் மீசையுமாக இருப்பார். அந்த ஊரில் கூம் ரத்த உறவுக்கும் மேலே. அவர் மனம் நோகப் பேசுவதே பாவம். அவரை யாரென்று தெரியாது என்பது அதைவிடப் பெரிய பாவம். புதிமிருக்கு ஒன்பது ஞானப்பிள்ளைகள். காரணம், அவர் வாயில் முடியாது என்ற சொல் வராது.

சனிக்கிழமை காலையில் ரொசாந்தா நடுங்கி நடுங்கி இரண்டு பெண்களை நிறுத்தினாள். ஒருத்தி, "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று திருப்பிக் கேட்டாள். இன்னொருத்தி, "உருளைக்கிழங்கு வாங்கறதுன்னா வாங்கு, இல்லேன்னா நகரு" என்றாள். மூன்றாவது ஆளாகப் பழுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு புதிமிர் வந்தார். பிரமாதமாகப் பேசினார். "எங்க அப்பா காலத்துச் சந்தை! இதை மாத்தினா எங்க நெஞ்சையே மாத்தின மாதிரி!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எழுதிக் கொடுத்தது ரொசாந்தாதான். கண்ணைத் துடைத்தது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து பேரையும் வரிசையாக உட்காரவைத்துப் படங்களைப் போட்டார்கள். முதலில் வூகன் என்ற பையனுடையது. சூயிங்கம் மென்றுகொண்டு கால்மேல் கால் போட்டிருந்தான். அவன் படத்தில் இரண்டாவது ஆளாக, தொப்பி இல்லாமல், புதிமிர் வந்தார்.

"தாராளமா மாத்துங்க! இந்த நாத்தத்தை எத்தனை நாளைக்குச் சகிக்கறது?"

அடுத்தது ஒரு பெண்ணுடைய படம். அதிலும் புதிமிர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "நமக்கென்ன தெரியும்? மேயர் பாத்துச் செய்வார்" என்றார். அதற்கு அடுத்தது ரொசாந்தாவுடையது. தொப்பி, அப்பா காலம், நெஞ்சு, கண்ணீர்.

சகோர்கா படத்தை நிறுத்தினாள்.

"ஒரே காலையில மூணு கொள்கை. இந்த ஆளைத் தேர்தல்ல நிறுத்தலாம். யாரு இவரு? வூகன்?"

"தெரியாதுங்க மேடம். அந்தப் பக்கமா வந்தாரு, கேட்டேன்."

"நீ?"

"தெரியாதுங்க" என்றாள் அந்தப் பெண்.

"நீம்மா?"

தெரியாது என்ற சொல் ரொசாந்தாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நவம்பரும் ஆஸ்திரியாவும் கண்முன்னே நின்றன. ஆனால் திரையில் அந்த மனுஷர் மீசையில் கண்ணீரோடு அப்படியே உறைந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டவருக்குப் பயப்படுகிற வீட்டில் பிறந்த குற்றத்துக்கு, சொல் வேறாக வெளியே வந்தது.

"எங்க கூம். என்னை ஞானஸ்நானத்துக்கு ஏந்தினவரு."

"அப்ப நீ செஞ்சது மோசடி."

"ஆமா மேடம்."

"மத்த ரெண்டு பேரும்?"

"அவங்களுக்குத்தான் தெரியாதுன்னு சொல்லிட்டாங்களே. என்னைக் கேட்டா?"

மிச்சம் இரண்டு பேர் படத்தைப் போட்டுப் பார்க்காமலே சகோர்கா சிகரெட்டை அணைத்தாள். "வேலை வூகனுக்கு. மத்தவங்க போகலாம்."

ரொசாந்தா எழுந்திருக்கவில்லை. "அவன் பொய் சொல்றான், மேடம்."

"எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், புதிமிரைத் தெரியாதா? உனக்கு முகம் அப்படியே சிவந்து போச்சு. அவன் கண்ணு இமைக்கல பாரு. மேயர் பக்கத்துல நிக்கறதுக்கு எனக்கு அந்த மூஞ்சிதான் வேணும்."

வூகன் கூச்சமில்லாமல் நன்றி சொன்னான். சூயிங்கம் வாயிலேயே இருந்தது. உண்மையைத் தேடுவதே மூச்சு என்று அவனும் ஒப்பித்தவன்தான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் புதிமிர் காத்திருந்தார். கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் புரேக், இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரம். அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"எப்படி இருந்துச்சு கண்ணு? அழுதது கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"எத்தனை பேருக்குப் பேசினீங்க, கூமே?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மூணு பேருக்குத்தாம்மா. நாலாவது பையன் வந்து நின்னான், அவனுக்கு நேரமில்லாம போச்சு. வூகன் அப்பாவும் நானும் ஒரே லாரியில பதினோரு வருஷம். அந்தப் பொண்ணு பாவம், அழுதுச்சு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"வேலை போச்சு."

"ஐயோ! நான் போய் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"பேசினது போதும், உக்காருங்க." அவரை வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும் என்றுதான் அவள் படியிறங்கி வந்தாள். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே உதடு நடுங்குவதைப் பார்த்ததும் ஏச்சு வரவில்லை. புரேக்கில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு கேட்டாள்: "சரி, நீங்க சொல்லுங்க. சந்தையை மாத்தலாமா, வேண்டாமா?"

புதிமிர் திருதிருவென்று விழித்தார். "இப்ப யாருக்காகப் பேசணும்?"

"உங்களுக்காக."

"எனக்காகவா? ஆண்டவர் சத்தியமா, காலையிலேர்ந்து ஒருத்தரும் அதைக் கேக்கலையேம்மா."

"நவம்பர்ல ஆஸ்திரியா போறேன். அங்க கிழவங்க நிறையப் பேசுவாங்களாம். கேட்டுப் பழகிக்கறேன், சொல்லுங்க."

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். முதலில் மேயரைத் திட்டினார், பிறகு சந்தையின் நாற்றத்தை, பிறகு வாயை வாடகைக்கு விடுகிற தன்னையே. ரொசாந்தா குறுக்கே பேசவில்லை. அவர் முடிப்பதற்குள் இரண்டு பஸ்கள் வந்து நின்று போய்விட்டன.