கடிகாரக்காரர் வருகிறார்

நான் எழுதிய நாவல்களை விற்பதற்கு என் வீட்டுக்காரர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அவர்மேல் இரக்கமும் வருகிறது. எழுதுவதற்கு ஒரு மூலையும் ஒரு விளக்கும் போதும். விற்பதற்கு வெட்கத்தை விட வேண்டும். அந்தப் பங்கை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் அவருக்குக் குமாஸ்தா வேலை. கம்பெனித் துரைமார் தின்று தீர்த்த பிஸ்கட் டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். என் கண்ணுக்குத் தெரிந்த இங்கிலாந்து அந்த மூடிகளில் இருந்ததுதான். ஒன்றில் அகழி சூழ்ந்த கோட்டை, ஒன்றில் கூரை இடிந்த பழைய துறவிமடம், மற்றொன்றில் ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளம். படத்தின் கீழே அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயரை அவர் படித்துச் சொல்வார். மூடிக்கு ஒரு நாவல் என்று நான் எழுதிக்கொண்டு போனேன்.

கதாநாயகர் ஒரு கடிகாரக்காரக் கிழவர். கோட்டைகளில் நின்றுபோன பெரிய கடிகாரங்களைப் பழுதுபார்க்கப் போவார். போன இடத்தில் ஒரு வைர மாலையோ உயிலோ காணாமல் போயிருக்கும். கடிகாரம் ஓடத் தொடங்குவதற்குள் திருடன் அகப்பட்டுவிடுவான். ரத்தம் எனக்கு ஆகாது, அதனால் கொலை கிடையாது. என் பிரபுக்களின் மனைவிமார் விருந்தாளியைக் கண்டதும் “சாப்பிட்டீர்களா?” என்றுதான் கேட்பார்கள். மழையும் ரங்கூன் மழைதான். ஒரு பாட்டம் அடித்தால் தோட்டத்தில் காலடித் தடம் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே என் கிழவர் காலடித் தடத்தை வைத்து எதையும் கண்டுபிடித்ததே இல்லை.

அட்டையில் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. பெண் பெயர் போட்டால் சமையல் புத்தகம் என்று நினைத்துவிடுவார்கள் என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகம் வெளியே வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போட்டாதாங் துறையில், கிடங்குகளுக்கு முன்னால், அவர் உரக்கப் படிப்பார். மூட்டை தூக்குகிறவர்கள், சாம்பான் படகு ஓட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். நான் பின்னால் கிடங்குப் படியில், பிஸ்கட் மூடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஆசிரியரின் மனைவி என்ற பதவியில் உட்கார்ந்திருப்பேன். கடைசி அத்தியாயம் வரும்போது அவர் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிடுவார். உடனே ஒரு கூச்சல் எழும். எழுத்துத் தெரியாதவர்கள்கூட நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, படிக்கத் தெரிந்த யாரையாவது பிடித்து முடிவைத் தெரிந்துகொள்வார்கள்.

நான்காவது நாவல் வந்தபோது அவருக்கு ஆசை பெருத்துவிட்டது. துண்டுப் பிரசுரம் அடித்து, இன்சீன் ரயில் பட்டறை வாசலிலிருந்து டாலா படகுத்துறை வரைக்கும் ஒட்டவைத்தார். “எந்தச் சிக்கலையும் அவிழ்க்கும் கடிகாரக்காரர் வருகிறார்! ஞாயிறு மாலை போட்டாதாங் துறையில்!” என்று அதில் இருந்தது. வாக்கியம் எப்படி என்று என்னைக் கேட்டார். பிரமாதம் என்றேன்.

ஞாயிறு வந்தது. கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிது. ஆனால் கதை கேட்கிற முகமாக இல்லை. இன்சீனிலிருந்து ஒருவர் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்திருந்தார். மணி அடிக்கவில்லையாம். இன்னொருவருக்கு ஆடு காணவில்லை. ஒரு தம்பதி, மோதிரத்தை எடுத்தது மாமியாரா நாத்தனாரா என்று தீர்ப்புக் கேட்டு வந்திருந்தார்கள். கடிகாரக்காரர் கதையில் வருகிறவர் என்று வீட்டுக்காரர் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். “அப்ப நோட்டீஸ்ல வர்றாருன்னு போட்டீங்களே?” என்று இன்சீன்காரர் பிடித்துக்கொண்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஒரு வழியாக எல்லாரும் சமாதானமாகி, கதை கேட்டு, கலைந்தார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய சின்ன வயதுப் பெண். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் குடிசை. வீட்டுக்காரர் அவள் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். பிறகு அவளை என்னிடம் அழைத்துவந்தார்.

“நீயே கேளு. எனக்கு இதெல்லாம் வராது” என்றார். கதையை எழுதுகிறவள் நான்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தார். அச்சகக்காரரைத் தவிர வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். பர்மாவில் அக்காவை அழைக்கிற மாதிரி, என்னை மமா என்று கூப்பிட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு இந்தத் துறையிலதான் மூட்டை தூக்கினாரு, மமா. அம்மாவப் பாக்கணும், மூணு மாசத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டு மதராஸ் கப்பல் ஏறினாரு. ரெண்டு மழை போயிடுச்சு. பெகுவுல எங்க அக்கா என்னை வா வான்னு கூப்பிடுறா, அங்க வேலையும் இருக்கு. நான் வீட்டப் பூட்டிட்டுப் போன பொறகு அவரு வந்து நின்னா என்ன பண்றது? கடிகாரக்காரரு இருந்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு வருவாரா, வரமாட்டாரா?”

என் கிழவர் என்ன கேட்பாரோ அதைத்தான் நானும் கேட்டேன். போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போனார், என்ன விட்டுவிட்டுப் போனார்?

கம்பளியை விட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல வேட்டியைக்கூட விட்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“சாமி படத்த மட்டும் சொவத்துலருந்து கழட்டி எடுத்துட்டுப் போனாரு. அம்மாகிட்டக் காட்டணும்னாரு.”

எத்தனையோ தடயங்களை நான் கற்பனை செய்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றும் தோன்றும்போது குதூகலமாக இருக்கும். அன்று அந்தத் தடயம் கிடைக்காமலே போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. மூன்று மாதத்துக்கு ஊருக்குப் போகிற எந்தத் தமிழன் சுவரில் இருக்கிற குலதெய்வத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவான்? கப்பல் தாமதமாகும், காய்ச்சல் வந்திருக்கும், காகிதம் எழுத ஆள் கிடைத்திருக்காது என்று ஏதேதோ சொல்லி மழுப்பினேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க கடிகாரக்காரரு இப்பிடியெல்லாம் பேசமாட்டாரே, மமா. கடைசில எல்லாரையும் உக்கார வெச்சு நேராச் சொல்லிடுவாராமே.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்த மனிதன்மேல் அதைவிட வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வரமாட்டார் அம்மா” என்றேன்.

அவள் அழவில்லை. “எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. வேற ஒரு வாயி சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள். பிறகு, “அப்ப பூட்டிடலாமா?” என்றாள்.

“பூட்டிடு.”

“நீங்க வந்து பூட்டுங்க. எனக்குக் கை வராது.”

மறுவாரம் நானும் வீட்டுக்காரரும் சாம்பானில் ஆற்றைக் கடந்தோம். இனிமேல் நோட்டீஸில் அந்த வாக்கியம் வேண்டாம் என்று வழியில் அவராகவே சொன்னார். டாலாவில் அவள் ஒரு மூங்கில் கூடையோடு தயாராக நின்றாள். குடிசை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. உள்ளே ஒரு சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கொடியில் ஓர் ஆணின் வேட்டி துவைத்து மடித்துப் போட்டிருந்தது. நான் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பத்தடி நடந்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கதவு நிலைக்கு மேலே, அவளுக்குச் சரியாக எட்டாத உயரத்தில், ஒரு மர முளை இருந்தது. குதிகாலை உயர்த்தி எக்கி, அதில் சாவியை மாட்டினாள். நன்றாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டும் பார்த்துக்கொண்டாள்.

நான் கூடையை எடுத்துக்கொண்டு அவளோடு படகுத்துறைக்கு நடந்தேன்.