ஆமென் போடாத அண்ணி

எதைக் கேட்டாலும் அண்ணி, "கேட்டுச் சொல்றேன்" என்பாள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இதுதான். கேட்பது ஆண்டவரிடம். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் சரியாக விழுகிற கதவு குளியலறைக்கு மட்டும்தான். உள்ளே போய்க் கவிழ்த்த வாளியில் கைகளை ஊன்றி முழங்காலிடுவாள். நனைந்த புடவையோடு வெளியே வருவாள். பதில் சின்னதாக இருக்கும். "வேண்டாம்." "முதல்ல அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு."

"உனக்கு மட்டும் மேலே நேர் லைனா?" என்று சித்தப்பா சீண்டுவார்.

"எல்லாருக்கும்தான், சின்ன மாமா. உங்க லைன்தான் எப்பவும் பிஸி."

சாந்தமானவள் என்று அவளை யாரும் சொல்லமாட்டார்கள். ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். மடிப்பு கோணினால் பக்கத்திலிருப்பவள் கையிலிருந்து பிடுங்கிவிடுவாள்.

எங்கள் சபைக்கு ஃபோனில் ஒரு குழு உண்டு. யாராவது நோய், கஷ்டம் என்று எழுதினால் வரிசையாக 'ஆமென்' விழும். அண்ணி போடமாட்டாள். "ஜெபிக்காமப் போட்டா பொய். அதை ஆமென்னு எழுதினா ரெண்டு பொய்." ஜெபித்தால் அந்த வீட்டுக்கே போய் நிற்பாள். தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர்.

போன வருடம் அண்ணனுக்குக் கால்விரலில் புண். சர்க்கரை உடம்பு. படமெடுத்துக் குழுவில் போட்டான். ஆமென் கொட்டியது. கூடவே ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் இலைச்சாறு சொன்னார். சபை மூப்பர் ஒரு பிரசங்க வீடியோ அனுப்பினார்: ஜெபித்தபின் மாத்திரை தின்பது அவிசுவாசம். அண்ணன் எல்லாவற்றையும் நம்பினான். மாத்திரையை நிறுத்தினான். அண்ணி கேட்டால், "ஆறிட்டு வருது" என்று காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வான்.

ஒரு நாள் நாற்றம் தாங்காமல் காலுறையை அவளே உருவினாள். விரல் கறுத்திருந்தது. குளியலறைக்குப் போனவள் உடனே வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"அத்தனை பேர் ஜெபிச்சிருக்காங்கடி."

"ஜெபிச்சாங்களா, ஃபோனை விரலால அழுத்தினாங்களா? ஒருத்தராவது இந்த வாசலை மிதிச்சாங்களா?"

"ஆண்டவர் என்ன சொன்னார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியலை, ஆண்டவரேன்னேன். கண்ணைத் தொறந்து பாருன்னார். பார்த்தா கறுப்பா இருக்கு. இதுக்கு மேல என்ன தரிசனம் வேணும் உங்களுக்கு?"

இரண்டு விரல்களை எடுத்தார்கள். தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே குழுவில், 'ஜெபம் கேட்டுக் காலைக் காத்தவருக்கு ஸ்தோத்திரம்' என்று மூப்பர் எழுதினார். அதற்கும் ஆமென், ஆமென், ஆமென்.

அண்ணி சலவைக்கூட உடுப்போடு மூப்பர் வீட்டுக்கு நடந்தாள். நான் வெளிக்கதவோரம் நின்றேன்.

"ஐயா, அந்த வீடியோவை நீங்க முழுசாப் பார்த்தீங்களா?"

அவர் கையில் அப்போதும் ஃபோன் இருந்தது. "இல்லம்மா. எனக்கு வந்துச்சு, அனுப்பினேன். அவ்வளவுதான்."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்வளவுதான்" என்றாள். திரும்பி வந்துவிட்டாள்.

இப்போது அண்ணனுக்கு வலது காலில் மூன்று விரல்கள். மாத்திரை சாப்பிடுகிறான். தினமும் காலையில் அண்ணி தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவுகிறாள். விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்கிறாள். 'ஆறிட்டு வருது' என்று மறைத்தவனோடு இன்னும் பேசவில்லை.