கேண்டீன் கடிகாரத்துக்குக் காது முளைத்த கதை

மலேசியாவின் ஈப்போவில், வானொலிப் பெட்டிக்குள் வைக்கும் கம்பிச்சுருள்களைச் செய்கிற ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட பிறகு அங்கே பெண்களுக்கு வேலை குறைந்துபோனது. புந்தோங்கில் என் அக்கா வீட்டில் தங்கி, ஆலை பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. தலைமயிரைவிட மெல்லிய கம்பியைச் சுற்றுவதுதான் வேலை. சுற்றும்போது தும்மக்கூடாது, பேசவும் கூடாது. அதனால் நாள் முழுவதும் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் கேண்டீனில்தான் கொட்டித் தீர்ப்போம். காலையில் பசியாறப் பதினைந்து நிமிடம், மத்தியானம் அரைமணி நேரம்.

கேண்டீன் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. கோயில் திருவிழா நோட்டீஸ் தவிர வேறெதுவும் அதில் ஏறியதில்லை. அக்கா வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாங்குவார்கள். ஒருநாள் கலர் டீவி பற்றி வந்த செய்தியை வெட்டிக்கொண்டு போய், கேண்டீனில் சோற்றுப் பருக்கை வாங்கிப் பலகையில் ஒட்டினேன். எதற்காக ஒட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படித்தவள் என்று நாலு பேர் நினைக்கட்டும் என்று இருந்திருக்கலாம்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் செய்தியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'புளுகு' என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் அதன் கீழே வேறு கையெழுத்தில், 'கலர் டீவி பார்த்தால் கண் மங்கும் என்று என் மாமா சொன்னார்' என்றிருந்தது. அதற்கும் கீழே 'உன் மாமா டாக்டரா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை, லோரி டிரைவர்' என்று பதில். 'அப்போ சரி' என்று இன்னொருவர் முடித்துவைத்திருந்தார்.

எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த செய்தியை ஒட்டும்போது கீழே ஒரு வெள்ளைத்தாளும் சேர்த்து ஒட்டி, நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன்பிறகு புதிதாக எந்த இயந்திரம் வந்தாலும் அது எங்கள் கேண்டீன் பலகையைத் தாண்டித்தான் உலகத்துக்குள் போக வேண்டியிருந்தது. வீடியோ வந்தால் சினிமாக் கொட்டகையை மூடிவிடுவார்கள் என்று ஒரு செய்தி. அதன் கீழே இரண்டு பேர் கொட்டகையில் விற்கும் கச்சான் கடலை பழசு என்று ஆரம்பித்து, கச்சானை விட்டு, ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பில்லாத விவகாரத்தில் போய் நின்றார்கள். விண்வெளியில் சுற்றுகிற பழைய கலம் ஒன்று உடைந்து பூமியில் விழலாம் என்ற செய்திக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது: 'எந்த ஷிப்டில்?'

யாரும் சொந்தப் பெயரைப் போடுவதில்லை. ஒருவர் மட்டும் புனைபெயர் வைத்திருந்தார். நியாயவாதி. பென்சிலைத் தொடமாட்டார், நீல மைப் பேனாதான். எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். எந்தச் செய்தியை ஒட்டினாலும் 'இது எனக்கு முன்பே தெரியும்' என்றுதான் தொடங்குவார். கணினி என்றால் முன்பே தெரியும். கம்பியில்லாத் தொலைபேசி என்றாலும் முன்பே தெரியும். அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். ஒருநாள் செய்திக்கு மேலே நான் என் கையால் எழுதிய தலைப்பைச் சுட்டி, 'செய்தி ஒட்டும் அம்மையாருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான் போலிருக்கிறது' என்று எழுதிவிட்டார். அன்று முழுக்கக் கேண்டீனில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் 'வாலைப்பலம் சாப்பிட்டாச்சா?' என்று கேட்டார்கள்.

ஸ்டோரில் வேலை செய்த அண்ணன்தான் நியாயவாதி என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அவர்தான் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். இந்த மனிதரை எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நடக்காத செய்தி ஒன்றை நானே எழுதி ஒட்டுவது. அதற்கும் அவர் முன்பே தெரியும் என்பார். அப்போது குட்டை உடைப்பது.

கோடுபோட்ட தாளில் மிகுந்த கவனத்தோடு எழுதினேன். ஜப்பானில் தொழிற்சாலைச் சுவர்க்கடிகாரத்துக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைக்கிறார்கள், அது தொழிலாளர் பேசுவதையெல்லாம் பதிவு செய்கிறது, யார் என்ன பேசினார்கள் என்று கணினி பிரித்து முதலாளிக்குச் சொல்லிவிடுகிறது, இந்தக் கருவி விரைவில் நம் நாட்டுக்கும் வரும். மேலே 'பத்திரிகையில் கண்டது' என்று போட்டேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. எங்கள் கேண்டீனில் பழைய கடிகாரம் நின்றுபோய், மூன்று வாரத்துக்கு முன்புதான் புதிதாக ஒன்று மாட்டியிருந்தார்கள். அதுவும் ஜப்பான் கடிகாரம்.

மத்தியானத்துக்குள் நியாயவாதி எழுதிவிட்டார். 'இது எனக்கு ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும். நம் கேண்டீனில் திடீரென்று கடிகாரத்தை மாற்றியது எதற்காக என்று தோழர்கள் சிந்திக்கவும்.'

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மாட்டிக்கொண்டார் என்று மனதுக்குள் துள்ளினேன். மறுநாள் காலையில் குட்டை உடைத்துவிடலாம் என்று கேண்டீனுக்குள் போனேன். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பியை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

கடிகாரத்துக்குக் கீழே இருந்த நாலு மேசையும் காலி. எதிர்ப்பக்கச் சுவரோரம் ஆட்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேண்டீன் நடத்துகிற அம்மா என் காதருகே வந்து, தேயா கோப்பியா என்று கிசுகிசுத்தார். அந்த அமைதியில் ஸ்டோர் அண்ணன் எழுந்து நிதானமாகக் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்று, பக்கத்தில் யாருமில்லாதபோதே, நம்ம மானேஜர் மாதிரி தங்கமான மனுஷன் இந்தப் பேரா மாநிலத்திலேயே கிடையாது என்று சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கருவிக்குத் தமிழ் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று நினைத்தாரோ என்னவோ, மலாயிலும் சொன்னார். "போஸ் சங்காட் பாகூஸ்லா."

பேசப் பயந்தவர்கள் எல்லாரும் பலகையில் எழுதினார்கள். கருவிக்குத் தமிழ் புரியுமா என்பது முதல் விவாதம். ஜப்பான் கருவிக்கு நம் பாஷை எப்படித் தெரியும் என்றார் ஒருவர். மலாய் தெரிந்தால் போதுமே என்றார் மற்றொருவர். பள்ளிக்கூட மலாயா, கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாயா என்று மூன்றாமவர். இடையில் ஒருவர் சம்பந்தமே இல்லாமல், சாம்பார் விவகாரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைவூட்டியிருந்தார்.

குட்டை உடைக்க வந்ததையே மறந்துபோகிற அளவுக்கு இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது, பேக்கிங் பிரிவு அக்கா என்னைத் தேடி வரும்வரை. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. கணவர் இல்லை, மூன்று பெண் பிள்ளைகள். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஆலையிலேயே நீளமான நாக்கு அவருடையது. மானேஜருடைய வழுக்கையைப் பற்றி அவர் சொன்ன கதைகளுக்காகவே அவர் மேசையில் இடம் பிடிப்போம். அந்த மேசை இருந்தது கடிகாரத்துக்கு நேர் கீழே.

என்னைக் கழுவுமிடத்துக்கு இழுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினார்.

"தங்கச்சி, நீதான பேப்பர் படிக்கிற. அது எத்தன நாள் பேச்ச வச்சிருக்கும்?"

எனக்குத் தெரியாதுக்கா என்றேன்.

"மூணு வாரமா அந்த ஆள மொட்டன்னு சொல்லிட்டேன். மொட்டன்னா மலாய்லயும் தெரிஞ்சிருமா?"

தெரியாது என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு நினைத்துப் பார்த்து, கையால் வழுக்கையைத் தடவிக் காட்டியதைக் கருவி பார்த்திருக்குமோ என்று கேட்டார். பார்க்காது என்று நான் சொன்னபோது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், பஸ் ஏறுமுன், 'கடிகாரம் பற்றிய செய்தி தவறானது. யாரும் பயப்பட வேண்டாம்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். மறுநாள் அதன் கீழே ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். 'பாவம், மிரட்டியிருக்கிறார்கள்.' 'எழுத்து நடுங்கியிருப்பதைக் கவனியுங்கள்.' 'பயப்பட வேண்டாம் என்று சொன்னாலே பயப்பட வேண்டும்.' நீல மையில் மட்டும் அன்று ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பசியாறும் நேரத்தில் பேக்கிங் அக்கா எழுந்தார். எல்லார் கண்ணும் அவர் மேல். நேராகக் கடிகாரத்துக்குக் கீழே போய், இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்தார். எப்படியும் வேலை போகப்போகிறது, போவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

"கேக்குதா? பொம்பளைங்க கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்ல. நாலு மாசமாச்சு. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவப் புடிச்சிட்டு நிக்கிறோம். ரெண்டு பேரு வேல கெடுது. அத மொதல்ல பாருங்க. அப்பறம் யாரு மொட்டன்னு பாக்கலாம்."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து ரொட்டியைச் சாப்பிட்டார்.

இரண்டே நாளில் தாழ்ப்பாள் வந்துவிட்டது. பித்தளையில், பளபளவென்று.

இனி யார் சொல்லி யார் கேட்பார்கள்? கருவி வேலை செய்கிறது என்று ஆலை முழுக்க முடிவாகிவிட்டது. கடிகாரத்துக்குக் கீழே வரிசை நின்றது. மின்விசிறி ஓடவில்லை என்றார் ஒருவர். ஆலை பஸ் புந்தோங் முனையில் நிற்காமல் போகிறது என்று இன்னொருவர். யாரோ ஒருத்தி சம்பலில் நெத்திலியே இல்லை என்று முறையிட்டதைக் கேட்டுக் கேண்டீன் அம்மா கரண்டியோடு வெளியே வந்து, தன் கட்சியையும் அதே கடிகாரத்திடம் விளக்கினார்.

அன்று மத்தியானம் என்னை ஆப்பீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

ஆள் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தா அங்கே உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வழக்கத்தில் நாங்கள் அவரைக் கிராணி என்போம். சிரிக்காத மனிதர். என் கோடுபோட்ட தாள் அவர் மேசையில் இருந்தது. நடந்ததை அவரே சொன்னார். கேண்டீன் திடீரென்று அமைதியானதும், வேலைநிறுத்தத்துக்குத்தான் ரகசியமாகத் திட்டம் போடுகிறார்கள் என்று மானேஜர் பயந்துபோய், என்னவென்று பார்த்துவரச் சொல்லி இவரை அனுப்பியிருக்கிறார். இவர் மூலையில் தே குடிப்பது போல உட்கார்ந்து அக்கா பேசியதைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தாழ்ப்பாள் வந்தது அப்படித்தான்.

இது எந்தப் பத்திரிகை என்று கேட்டார்.

"ஒலிப்பதிவுன்னு எழுத வேண்டிய எடத்துல ஒளிப்பதிவுன்னு போட்டிருக்கு. அப்படிப் போடுற பத்திரிகை எது?"

நானே எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு தாளை எடுத்து என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினார். நீல மை. அச்சுக் கோத்தது போன்ற எழுத்து. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பேனா நின்றது. ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும் என்று பலகையில் எழுதி ஆலையைக் கிளப்பிவிட்டவர் யார் என்று மானேஜருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் யோசித்தோம் என்று நினைக்கிறேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போயி வேலையப் பாரும்மா," என்றார். காது இரண்டும் சிவந்திருந்தது.

மறுநாள் மானேஜர் தானே கேண்டீனுக்கு வந்து, நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். உள்ளே ஒரு பேட்டரிதான் இருந்தது. கூட்டம் அமைதியாகப் பார்த்தது. அவர் வெளியே போனதும் ஸ்டோர் அண்ணன் தலையை ஆட்டி, நேத்தே எடுத்துட்டான்லா என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பேக்கிங் அக்காவிடம் மட்டும் நான் நேரில் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா? பிள்ளைங்களப் பாத்துப் பாத்து அழுதேன்."

பெட்டிகளை ஒட்டப் போய்விட்டார். இரண்டு வாரம் என் மேசைப் பக்கம் வரவில்லை. நானும் அந்த இரண்டு வாரம் எதையும் ஒட்டவில்லை. நூலில் பென்சில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு காலையில் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். மீன் கட்டிவந்த தாள், ஓரத்தில் இன்னும் வாடை இருந்தது. கூட்டல் கழித்தலை நொடியில் போடுகிற, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கருவி பற்றிய செய்தி. அக்காவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஒருமுறை படித்ததும், மெதுவாக இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"இது நெஜம்தான?"

நெஜம்தான்கா, அச்சுல வந்தது என்றேன். தாளைத் திருப்பி, பின்பக்கமும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஒட்டு என்றார். ஒட்டியதும், தன் கருத்தை எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். நான் பென்சிலைப் பிடித்தேன்.

"எழுது. என் சின்னவ இதவிட வெரசா கணக்குப் போடுவா."

எழுதினேன். பெயர் போட வேண்டுமா என்று கேட்டேன். பயமில்லாமல் போடு என்றார். எங்கள் பலகையில் சொந்தப் பெயரோடு வந்த முதல் கருத்து அதுதான். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதற்குக் கீழே மூன்று பேர் சண்டைக்கு வந்திருந்தார்கள்.