பூட்டன் போட்ட பாலம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் மகளின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவள் இல்லை. யாரோ ஒரு ஆண், எனக்குத் தெரியாத மொழியில் அவசரமாக ஏதோ சொன்னார். லைன் அறுந்தது. திரும்ப அழைத்தால் மணி போகவேயில்லை.

அவள் இலங்கை மலைநாட்டில் தனியாக ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். நான் அன்று விடுப்பில், போர்ட் பிளேரில், மின்னி பே வீட்டில், கையில் கரண்டியோடு நின்றேன். இன்றும் போன் மணி அடித்தால் அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வருகிறது.

அவள் போனது எங்கள் பூட்டனைத் தேடி. என் தாத்தாவின் அப்பா தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டிப் போய் அந்த நாட்டு ரயில்வேயில் எஞ்சினியராக இருந்தார் என்பது வீட்டுப் பேச்சு. காய்ச்சலில் இளவயதிலேயே இறந்துபோனார். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தார். அப்பா தாயகம் திரும்பியவராகக் கப்பலேறி, நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். சான்றாக ஒரு காகிதம்கூட இல்லை.

அண்ணன் சிரிப்பார். “எஞ்சினியர் பேரனா கச்சாலுக்கு ரப்பர் பால் வெட்ட வந்தாரு? அரே, பூட்டன் கல்லு சொமந்திருப்பாரு.”

மகள் சிவில் எஞ்சினியரிங் படித்தவள், விடவில்லை. திங்களன்று கொழும்பில் ஓர் ஆவண அறையிலிருந்து படம் அனுப்பினாள். ஒரு பாலத்தின் வரைபடம். மூலையில் பூட்டனின் பெயரில் கையெழுத்து, அதன் கீழே ஆங்கிலத்தில் ‘உதவி எஞ்சினியர்’. அலுவலகத்தில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பக்கத்து மேசை பெங்காலி அக்காவுக்கு இரண்டு முறை. மறுநாள் அந்தப் பாலத்தைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தாள்.

அண்ணனை அழைத்தேன். டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். “டென்ஷன் மத் லே, கவலப்படாத. போனை எங்கயாச்சும் விட்டிருப்பா” என்றார். ஆனால் கொடுத்த தண்ணீரைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு வேறோர் எண்.

“அம்மா, ரயிலு என்னை விட்டுட்டுப் போயிருச்சு!”

வாழ்க்கையில் அவள் ஏறிய முதல் ரயில் அது. எங்கள் தீவுகளில் தண்டவாளமே கிடையாது. பாலம் தெரிகிற சின்ன ஸ்டேஷனில், பையையும் போனையும் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். ஹாரன் கேட்டும் அசையவில்லை. எங்கள் கப்பல் ஹாரன் அடித்தால் இன்னும் நேரமிருக்கிறது என்று பொருள். கயிறு அவிழ்க்க வேண்டும், ஏணி எடுக்க வேண்டும், ஓடி வருகிறவனுக்காகத் துறையில் நிற்கிற கூட்டமே சேர்ந்து கத்தும். ரயிலுக்கு ஏணி ஏது?

என்னிடம் பேசியவர் பக்கத்து இருக்கைக்காரர். பாதியில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பையும் போனும் எதிர் ரயிலில் பத்திரமாகத் திரும்பி வந்தனவாம்.

அண்ணன் போனைப் பிடுங்கினார். “எஞ்சினியர் வீட்டுப் பொண்ணு, ரயில்ல ஏற எறங்கத் தெரியல! சரம் நஹி ஆதா? வெக்கமா இல்ல?”

தான் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை வந்து சேர்ந்தாள். வாசலிலேயே திட்டத் தொடங்கினேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஸ்டேஷன் மாஸ்டர் கூட்டிட்டுப் போயி பாலத்துக்கு அடியில நிக்க வெச்சாரும்மா. மேல ரயிலு போச்சு. ஒரு பொட்டு மண்ணு உதிரல.”